மணமாலைக்கு முன் ஒரு வெற்றிமாலை

கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளையும் பக்கத்திலேயே இருக்கிறார். ஆனால் மணப்பெண்ணுக்கு மட்டும் அந்த வாரம் ஒழிவில்லை. ஏனென்றால், டென்னிஸ் ஆட்டம் இருக்கிறது!

நம் வீட்டுப் பாட்டிமார் கேட்டால் மூக்கின்மேல் விரலை வைப்பார்கள். ஆனால் 2024 செப்டம்பரில், நியூயார்க் நகரில் நடந்த அமெரிக்க ஓபன் போட்டியின்போது உண்மையாகவே நடந்தது இது. அந்த மணப்பெண்ணின் பெயர் லியுட்மிலா கிச்செனோக். உக்ரேன் நாட்டவர். 'மாப்பிள்ளை கோபித்துக்கொள்ளவில்லையா?' என்றுதானே கேட்கிறீர்கள்? அவர் எப்படிக் கோபித்துக்கொள்வார்! அப்போது லியுட்மிலாவின் ஆட்ட ஜோடிக்குப் பயிற்சி கொடுத்துவந்தவரே அவர்தான்!

முகூர்த்தத்தைத் தள்ளிப்போட்ட அந்தப் பெண், செப்டம்பர் 6-ஆம் தேதி பெண்கள் இரட்டையர் பட்டத்தை வென்றார். பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்கு ஒரே சமயத்தில் இரண்டு சந்தோஷம்!

லியுட்மிலா தனியாகப் பிறந்தவர் அல்ல. 1992 ஜூலை 20-இல், உக்ரேனின் பெரிய நதியான திநிப்ரோவின் கரையில், இப்போது அந்த நதியின் பெயரையே தாங்கி நிற்கும் நகரத்தில், நாடியா என்ற சகோதரியுடன் இரட்டையாகப் பிறந்தார். இரண்டு பேரும் டென்னிஸ்தான். 2015-இல் சீனாவிலுள்ள ஷென்ஷென் நகரில் அக்கா தங்கை இருவரும் ஜோடி சேர்ந்து ஆடிப் பட்டம் பெற்றார்கள்.

இந்தச் சகோதரிகளின் பெயர் நம் நாட்டுக்கும் புதிதல்ல. நம் சானியா மிர்ஸா குழந்தை பெற்றபின், இரண்டு வருஷத்துக்கு மேல் ஆட்டத்தை விட்டிருந்து, 2020 ஜனவரியில் ஹோபர்ட் நகரில் மறுபடி ராக்கெட்டைக் கையில் எடுத்தார். திரும்பி வந்த முதல் போட்டியிலேயே பட்டம்! அப்போது அவருக்குத் தோள் கொடுத்த ஜோடி யார் தெரியுமா? நாடியாதான்.

ஆனால் அடுத்த வருஷமே காட்சி மாறிவிட்டது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சானியாவும் அங்கிதா ராய்னாவும் ஒருபுறம். கிச்செனோக் சகோதரிகள் மறுபுறம். முதல் செட்டை நம்மவர்கள் 6-0 என்று வாரிச் சுருட்டினார்கள். இரண்டாவது செட்டிலும் 5-3 என்று முன்னால் நின்றார்கள். இன்னும் ஒரே ஒரு கேம்! 'இனி என்ன இருக்கிறது' என்று எதிராளிகள் கை கழுவியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சகோதரிகள் கை கழுவவில்லை. அந்த செட்டைப் பிடித்தார்கள்; கடைசி டை-பிரேக்கை 10-8 என்று வென்று, ஆட்டத்தையே பிடித்துவிட்டார்கள். நமக்கு வருத்தந்தான். ஆனாலும் அந்த மன உறுதியை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

இரட்டையர் ஆட்டத்தின் சூட்சுமமே இதுதான். ஒற்றையர் ஆட்டத்துக்கு மைதானத்தின் அகலம் 27 அடி. இரட்டையருக்கு 36 அடி. ஒருத்தி பின்னாலிருந்து பந்தைப் போட, இன்னொருத்தி வலையோரம் நிற்பாள். எந்தப் பக்கம் பாயப்போகிறாள் என்பதை முதுகுக்குப் பின்னால் விரல் ஜாடையாகக் காட்டுவாள். பின்னால் நிற்பவளை அவள் திரும்பிப் பார்ப்பதில்லை, பார்க்கவும் அவகாசமில்லை. அவள் இருக்கிறாள் என்ற நம்பிக்கை ஒன்றுதான்.

பணம்? அது கொஞ்சம் குறைச்சல்தான். 2024 அமெரிக்க ஓபனில் ஒற்றையர் பட்டம் பெற்றவருக்கு 36 லட்சம் டாலர். இரட்டையர் பட்டத்துக்கோ 7½ லட்சம். அதையும் இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்!

கூடப் பிறந்தவளிடம் இந்த நம்பிக்கை வருவது இயற்கை. அந்நிய நாட்டுப் பெண் ஒருத்தியிடம் வருவது எளிதா? லியுட்மிலாவுக்குக் கிடைத்த ஜோடி லாத்வியா நாட்டு யெலேனா ஆஸ்டபென்கோ. 2017-இல் பிரெஞ்சு ஓபன் ஒற்றையர் பட்டம் வென்றவர்; பந்தைக் கண்டால் ஓங்கி அடிப்பதே அவர் சுபாவம். இருவரும் 2022-இல் பர்மிங்ஹாமிலும் சின்சினாட்டியிலும் வென்றார்கள்.

அதே 2022-இல்தான், பிப்ரவரி 24 அன்று, உக்ரேனுக்குள் ரஷ்யப் படைகள் புகுந்தன. 2023 ஜனவரி 14 அன்று, ஆஸ்திரேலிய ஓபன் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, திநிப்ரோவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின்மேல் ஏவுகணை விழுந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பிறந்த ஊர் அப்படித் தீப்பற்றி எரிய, எங்கோ தூர தேசத்தில் பந்தைக் குறி பார்த்து அடிப்பதென்றால் நெஞ்சில் எவ்வளவு பலம் வேண்டும்!

அந்த வருஷம் ஜூலையில், குரோஷியா நாட்டு மாட்டே பாவிச்சுடன் சேர்ந்து விம்பிள்டன் கலப்பு இரட்டையர் பட்டத்தை லியுட்மிலா வென்றார். 2024 ஜனவரியில் மெல்போர்னில் ஆஸ்டபென்கோவுடன் இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றார். ஜோடி கலையவில்லை. பாரிஸ் ஒலிம்பிக்கில் மறுபடி நாடியாவின் பக்கத்தில் நின்றார். சில வாரங்களில் நியூயார்க். அங்கே லியுட்மிலாவும் ஆஸ்டபென்கோவும் ஒரு செட்டையும் பறிகொடுக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் கிறிஸ்டினா மிளாடெனோவிச், ஷாங் ஷுவாய் ஜோடியை 6-4, 6-3 என்று வென்றார்கள்.

அடுத்த முறை இரட்டையர் ஆட்டம் ஒன்றைப் பார்க்க நேர்ந்தால், பந்தை மட்டும் பார்க்காதீர்கள். வலையோரம் நிற்பவளின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் விரல்களையும் கவனியுங்கள். லியுட்மிலாவின் கதை முழுவதும் அந்த விரல்களில்தான் இருக்கிறது.