குருத்தோலைத் தோரணம் கட்டுவோம்

மாணவர்காள்! தீபாவளி, பொங்கல் ஆகிய திருநாள்களில் இல்லத்தின் வாயிலில் தோரணம் கட்டுவது நம் முன்னோர் போற்றி வந்த மரபாகும். இன்று கடைகளில் பிளாஸ்டிக் தோரணங்கள் மலிந்து கிடக்கின்றன. அவற்றைத் தொங்கவிட இரண்டு ஆணிகள் போதும்; தோழர் எவரும் வேண்டா. குருத்தோலைத் தோரணமோ பல கைகள் கூடினால்தான் விரைவில் நிறைவேறும். விடுமுறையில் நண்பர்களோடு கூடி அதனைச் செய்யும் முறையை இங்கு விளக்குவோம்.

முதற்கண் ஓலையைப் பற்றி அறிவோம். தென்னையின் உச்சியில் விரியாமல் மூடி நிற்பதே குருத்து. உள்ளிருக்கும் ஓலைகளில் வெயில் படாமையால் பச்சையம் உண்டாவதில்லை. ஆகவேதான் அவை வெளிர்மஞ்சள் நிறமாகவும் மென்மையாகவும் இருக்கின்றன. தென்னைக்கு வளரும் முனை ஒன்றே உண்டு. அது வெட்டுப்பட்டால் மரமே பட்டுப்போகும். ஆதலால் குருத்தை மரமேறத் தெரிந்த பெரியவரே எடுத்தல் வேண்டும். மரத்திற்கு ஒன்றுக்கு மேல் எடுத்தலாகாது. வீழ்த்தப்பட்ட மரம் கிடைப்பின் அதுவே மிக நன்று.

வேண்டிய பொருள்கள்: குருத்தோலை 10, மாவிலை 20, மூன்று மீட்டரினும் சற்று நீளமான கயிறு, முற்றிய ஓலையின் ஈர்க்குகள். குருத்தின் ஈர்க்கு வளைந்துவிடுமாதலால் அது ஊசியாகப் பயன்படாது.

இனிச் செய்முறையைக் காண்போம். ஒருவர் ஓலையின் நடுவே ஓடும் ஈர்க்கை உரித்து, அதனை இரண்டு பட்டைகளாக்கட்டும். மற்றொருவர் முற்றிய ஈர்க்குகளை விரல் நீளத்திற்கு நறுக்கட்டும். வேறொருவர் கயிற்றில் 15 சென்டிமீட்டருக்கு ஓர் அடையாளம் இடட்டும். மூன்று மீட்டரில் 20 இடைவெளிகள் கிடைக்கும். இரு முனைகளையும் விட்டால் அடையாளங்கள் 19 ஆகும். 10 ஓலைகளில் 20 பட்டைகள் கிடைப்பதால், ஒன்று கிழிந்தாலும் கவலையில்லை. கணக்குப் பாடம் வகுப்பறைக்கு வெளியிலும் பயன்படுவதைக் காண்மின்!

ஒவ்வோர் அடையாளத்திலும் ஒரு பட்டையைக் கயிற்றின்மேல் மடித்துப் போட்டு, கயிற்றுக்குச் சற்றுக் கீழே ஈர்க்கால் குத்தி இணைக்க வேண்டும். தொங்கும் நுனிகளைச் சிறு கீற்றுகளாகக் கிழித்துவிட்டால் அழகு கூடும். இடைவெளிதோறும் ஒரு மாவிலையைக் காம்புப் பக்கமாக மடித்து அவ்வாறே குத்துக. ஈர்க்கின் முனை கூரியது. கண்ணருகே கொண்டு செல்லாதீர். வேலை முடியும் வரை ஓலைகளை ஈரத்துணியால் மூடி வைத்தால் வாடமாட்டா.

கட்டிய தோரணத்தைத் தொங்கவிடுமுன் பாட்டியிடமோ தாத்தாவிடமோ காட்டுங்கள். மங்கல நிகழ்ச்சிக்கு ஒருவகையாகவும் துக்கத்திற்கு வேறுவகையாகவும் தோரணம் கட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு.  அந்த வேறுபாட்டைப் பெரியோர் நன்கு அறிவர். அவர்களிடம் நாம் கேட்டு அறியாவிடின் அது மறைந்துபோகலாம்.

மலாய் நண்பர்களையும் உடன் அழையுங்கள். நோன்புப் பெருநாளுக்கு அவர்கள் பின்னும் கெத்துப்பாட்டும் இதே இளந்தென்னை ஓலையால் ஆவதே. ஈர்க்கு நீக்கிய இரு பட்டைகளைக் கூடாகப் பின்னி, அரிசியிட்டு வேகவைப்பர். நாம் தோரணம் கட்டக் கற்பித்தால், அவர்கள் கூடு பின்னக் கற்பிப்பர். ஒரே ஓலை இரு திருநாள்களுக்கு உதவுவதைப் பிள்ளைகள் தம் விரல்களாலேயே உணர்வர்.

பெற்றோர்களே! தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளில் குடியேறியோருக்குக் குருத்தோலை கிடைப்பது அரிதாகலாம். மாவிலை மட்டுமே கொண்டு கட்டினாலும் அது தோரணமே. திருநாளுக்கு முன்னாள் மாலை ஒன்றைப் பிள்ளைகளுக்காக ஒதுக்கி, அவர்களோடு அமர்ந்து முதல் ஓலையை நீங்களே மடித்துக் காட்டுங்கள். எஞ்சியவற்றை அவர்கள் தாமே மடித்துக்கொள்வர்.