பொதுக் கணனியும் பொறுப்புள்ள பாவனையும்

கிராமத்துப் பிள்ளைகளுக்காக நடத்தப்படும் எமது கல்லூரிகள் பலவற்றில் இன்று ஒரு கணனி அறை உண்டு. நன்கொடையாளர்களின் உதவியாலும் பெற்றோரின் சிறு பங்களிப்பாலும் அமைந்த அறை அது. கதவுக்குப் பூட்டும் யன்னலுக்குக் கம்பியும் உண்டு. ஆனால் அங்குள்ள கணனிகளையும் இணைய இணைப்பையும் தொலைபேசியையும் யார், எதற்காக, எவ்வாறு பாவிக்கலாம் என்ற ஒழுங்குவிதி பெரும்பாலும் எழுத்தில் இல்லை. "பிள்ளைகளுக்கு வாயால் சொல்லியிருக்கிறோம்" என்பதே நிர்வாகத்தின் பதில். வாயால் சொன்னது போதாது என்பதை ஓர் அனுபவம் எமக்குக் கற்பித்தது.

சில ஆண்டுகளுக்கு முன் எமக்கு அறிமுகமான கல்லூரி ஒன்றில், மாணவி ஒருவர் தனது மின்னஞ்சலைப் பார்த்துவிட்டு, கணக்கை மூடாமலே வகுப்புக்குப் போய்விட்டார். அடுத்து அக்கதிரையில் அமர்ந்த ஒருவர், அம்மாணவியின் பெயரிலேயே விரிவுரையாளர் ஒருவரை இழிவுபடுத்திக் கடிதம் அனுப்பினார். மாணவி இரண்டு வாரம் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். எந்தக் கணனியில் யார், எத்தனை மணிக்கு இருந்தார் என்ற பதிவேடு அங்கே இருக்கவில்லை. உண்மை வெளிவந்தபோது தண்டனைக் காலம் முடிந்திருந்தது. ஆகவே பாவனை விதிகள் மாணவரைக் கட்டுப்படுத்துவதற்கு மட்டுமல்ல, அவர்களைப் பாதுகாப்பதற்கும் தேவையானவை.

1. கடவுச்சொல்

கடவுச்சொல் என்பது கையொப்பத்தைப் போன்றது. நண்பருக்கும் கொடுக்கக்கூடாது. வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேற வேண்டும். "கடவுச்சொல்லைச் சேமிக்கவா?" என்று பொதுக் கணனி கேட்டால் "வேண்டாம்" என்றே பதிலளிக்க வேண்டும். அனுமதியின்றி இன்னொருவரின் கணனிக்குள் நுழைவது வெறும் விளையாட்டன்று. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றங்கள் சட்டம் அதற்கு ஒரு இலட்சம் ரூபா வரையான தண்டப்பணம் அல்லது 5 ஆண்டு வரையான சிறை அல்லது இரண்டையும் விதிக்க இடமளித்தது. இதை முதல் வகுப்பிலேயே மாணவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

2. பொதுவான இணைப்பு

இணைய இணைப்பு கிராமத்துப் பொதுக் கிணற்றைப் போன்றது. விநாடிக்கு 10 மெகாபிட் வேகமுள்ள இணைப்பை 20 பேர் ஒரே நேரத்தில் பாவித்தால், ஆளுக்கு அரை மெகாபிட் மட்டுமே கிடைக்கும். ஒருவர் ஒரு கிகாபைட் அளவுள்ள திரைப்படத்தை இறக்கினால், அது முழு இணைப்பையும் 13 நிமிடங்களுக்கு மேல் பிடித்துக்கொள்ளக்கூடும். பத்துப் பேர் இவ்வாறு செய்தால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போய்விடும். வீட்டில் கணனி உள்ள பிள்ளை இரவில் படித்துக்கொள்ளும். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய தோட்டத்துப் பிள்ளைக்கோ கல்லூரியில் கிடைக்கும் அந்த ஒரு மணித்தியாலமே உண்டு. எனவே படிப்புக்கு முதலிடம், பொழுதுபோக்குக்கு மிஞ்சிய நேரம் என்பதே நீதியான ஒழுங்கு.

3. மென்பொருளும் பென்ட்றைவும்

வைரஸ் பெரும்பாலும் கைமாறும் பென்ட்றைவ் மூலமும் தெரியாத மின்னஞ்சல் இணைப்புகள் மூலமுமே வருகின்றது. பரிசோதிக்காத பென்ட்றைவைச் செருகக்கூடாது. திருட்டுப் பிரதி மென்பொருளையும் தவிர்க்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணனி நிரல்களுக்கும் பாதுகாப்பு அளிக்கின்றது. பணம் இல்லை என்பது சாட்டு ஆகாது. லினக்ஸ், லிப்ரே ஓபிஸ் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. லிப்ரே ஓபிஸைத் தமிழிலேயே இயக்கலாம்.

4. பிறரின் படமும் விபரமும்

கைத்தொலைபேசி வந்தபின் மிகுந்த கண்ணீருக்குக் காரணமானது இதுவே. ஒருவரின் சம்மதமின்றி அவரைப் படம் எடுப்பதும், எடுத்ததை மற்றவருக்கு அனுப்புவதும் கூடாது. ஒரு முறை அனுப்பிய படத்தைத் திரும்பப் பெற வழியில்லை. அது எத்தனை தொலைபேசிகளில் பதிந்தது என்பதை அனுப்பியவரும் அறியார். இந்தக் கடமை கல்லூரி அலுவலகத்துக்கும் உண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை நெறிகளில் ஒன்று, ஒரு நோக்கத்துக்காகப் பெற்ற விபரத்தைப் பொருந்தாத வேறொன்றுக்குப் பாவிக்கலாகாது என்பதாகும். மாணவரின் வறுமை நிலை பற்றிய விபரங்களை அறிவித்தல் பலகையில் ஒட்டுவது எவ்வளவு தவறோ, குழுக்களில் பகிர்வதும் அவ்வளவு தவறு.

5. நிர்வாகத்தின் பங்கு

விதிகள் ஒரு பக்கத்துக்குள், எளிய தமிழில் இருக்கட்டும். அவற்றை வகுக்கும்போது மாணவர் பிரதிநிதிகளையும் பெற்றோரையும் அழைத்துப் பேசுங்கள். தாம் சேர்ந்து வகுத்த விதியை மக்கள் காப்பாற்றுவார்கள். பாவனையை நிர்வாகம் கண்காணிக்குமானால் அதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். மறைவாக ஒருவரின் கடிதத்தை வாசிப்பது அதிபருக்கும் உரிமையன்று. குற்றம் சாட்டப்பட்டவர் சொல்வதைக் கேட்ட பின்பே தண்டனை. கணனி அறைப் பதிவேட்டில் மாணவர் மட்டுமன்றி, ஆசிரியரும் அருட்தந்தையரும் ஒப்பமிட வேண்டும். தனக்குப் பொருந்தாத விதியைப் பிறருக்குப் போடுபவரின் சொல் எடுபடாது.

திருச்சபை 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழியாகத் தொடர்பு சாதனங்கள் பற்றித் தனி ஆணையொன்றை வெளியிட்டது. 2002இல் திருப்பீடத்தின் சமூகத் தொடர்பு அவை இணையத்தின் ஒழுக்கநெறி பற்றியும் எழுதியது. சாதனம் மனிதருக்காகவே என்பது அவற்றின் சாரம். தாலந்து உவமையின் ஊழியரைப் போல, எமது கையில் ஒப்படைக்கப்பட்டதற்கு நாமும் கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள். அடுத்த தவணை தொடங்குமுன் உங்கள் கல்லூரியின் கணனி அறைக் கதவில் அந்த ஒரு பக்கம் ஒட்டப்பட்டிருக்கட்டும். அருகில் ஒரு பதிவேடும் பேனாவும் இருக்கட்டும். குற்றமற்ற இன்னொரு பிள்ளை வீட்டுக்கு அனுப்பப்படாதிருக்க அவை உதவும்.