குறி பார்க்க வேண்டியவர் யார்?



கல்வராயன் மலையில் மழை பெய்தால் நீர் எப்பக்கம் ஓடும் என்று அங்குள்ள உழவர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். நிலத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். அச்சரிவுகளில் வழிந்திறங்கும் நீரே அடிவாரத்துக் கோமுகி அணையைச் சேர்கிறது. நிலத்தின் சாய்வை அறியும் இவ்வறிவே கோல்ஃப் ஆட்டத்தின் இறுதி அடிக்கும் ஆதாரம் என்றால் வியப்படைவீர்கள்.

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் நாம் காணாத ஆட்டம் இது. ஆயினும் தமிழகத்திற்குப் புதிதன்று. கொடைக்கானலில் 1895ஆம் ஆண்டிலேயே இதற்கென ஒரு கிளப் தோன்றிவிட்டது.

ஒட்ட நறுக்கிய புல்தரையில் 108 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு குழி இருக்கும். அதனுள் பந்தை மெல்லத் தட்டி உருட்ட வேண்டும். இதனைப் 'பட்' என்பர். ஆட்டக்காரர் முதலில் பந்துக்குப் பின்னால் குனிந்து, குழி வரை தரையை நோக்குகிறார். பிறகு தாழ்ந்த பக்கத்திற்குச் சென்று சாய்வை அளக்கிறார். இங்கே நீரைக் கொட்டினால் எங்கே ஓடும் என்பதே அவர் மனத்தில் எழும் கேள்வி. வேகம் தணியத் தணியப் பந்து சாய்வின் பக்கம் அதிகமாக வளையும். ஆகவே குழியை நேராகக் குறிவைக்காமல், மேட்டுப் பக்கமாகச் சற்று விலக்கிக் குறிவைக்கிறார். மலைநாட்டுத் திடல்களில் கண்ணும் ஏமாற்றும். சுற்றுப்புறமே சாய்ந்திருப்பதால் ஏற்றம் சமதளமாகத் தோன்றும்.

குறி பார்ப்பதற்கும் விதிகள் உண்டு. பந்து இருந்த இடத்தில் அடையாளம் வைத்து, அதனை எடுத்துத் துடைக்கலாம். பந்தின்மேல் வரைந்த கோட்டைத் திசைக்கு நேராக வைக்கலாம். ஆனால் திசை காட்டுவதற்காகக் கோலைத் தரையில் கிடத்தக் கூடாது. 2019இல் மற்றொரு விதியும் வந்தது. ஆட்டக்காரர் அடிப்பதற்காகக் கால் ஊன்றத் தொடங்கிய பின், கோல்பை சுமக்கும் உதவியாளர் அவருக்குப் பின்னால் அந்த நேர்கோட்டில் நிற்கலாகாது.

அந்த ஆண்டு ஜனவரியில், நம்மவர் பலர் பிழைப்புத் தேடிச் சென்றுள்ள துபாயில் நடந்த போட்டியில், சீன வீரர் லி ஹாவ்தொங் இறுதிக் குழியில் பந்தைச் சேர்த்தார். அவர் நிலையெடுக்கையில் உதவியாளர் பின்னால் நின்றதாகக் கூறி இரண்டு அடிகள் தண்டமாகச் சேர்க்கப்பட்டன. மூன்றாம் இடத்தைப் பகிர்ந்திருந்தவர் பன்னிரண்டாம் இடத்திற்கு இறங்கினார். தண்டனை மிகக் கடுமையானது என்று பலரும் வாதிட்டனர். அடுத்த மாதமே அவ்விதிக்கு விளக்கம் வெளியிடப்பட்டது. இப்போது, உதவியாளர் பின்னால் நின்றிருந்தாலும், ஆட்டக்காரர் அடிக்குமுன் விலகி, உதவியாளர் அகன்றபின் மீண்டும் நிலையெடுத்தால் தண்டமில்லை.

ஆயினும் விதியின் உட்கருத்து மாறவில்லை. ஆலோசனை கூறலாம், சாய்வைச் சுட்டிக்காட்டலாம். அடிக்க நிற்கும் வேளையில் குறி பார்க்க வேண்டியவர் ஆட்டக்காரர் ஒருவரே.

பெற்றோர்களே! நம் பிள்ளைகள் வாழ்வில் முடிவெடுக்கும் நேரத்திலும் இதனை எண்ணிப் பாருங்கள். மேடு பள்ளங்களைச் சொல்லிக்கொடுப்பது நம் கடமை. சொல்லிக்கொடுத்தபின் ஒதுங்கி நிற்பதும் நம் கடமையே.