காதில் ஒலிப்பது என்ன?

2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்தைச் சேர்ந்த 13 வயது மாணவியர் மூவர், தென்கொரியாவின் பி.டி.எஸ். இசைக்குழுவினரை நேரில் காண்பதற்காக வீட்டைவிட்டுப் புறப்பட்டனர். சேமித்து வைத்திருந்த ஏறத்தாழ ரூ.14 ஆயிரம்தான் வழிச்செலவு. விசாகப்பட்டினம் சென்று கப்பலேறுவது அவர்களது திட்டம். காட்பாடி ரயில் நிலையத்தில் அவர்கள் மீட்கப்பட்டனர். செய்தியைப் படித்துச் சிரித்தவர்கள் பலர். அந்தப் பாடல்களில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டவர்கள் சிலரே.

அக்குழுவினர் முழுவதும் ஆங்கிலத்தில் பாடி 2020 ஆகஸ்டில் வெளியிட்ட 'டைனமைட்', அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பெற்றது. அத்தகைய பாடல் எடப்பாடியை வந்தடைய இன்று ஒரு நொடி போதும். நான் கல்லூரியில் படித்த காலத்தில் ஆங்கிலப் பாடல் கேட்க வேண்டுமானால், ஒலிநாடா தேடிச் சேலத்துக்குப் பேருந்து ஏற வேண்டும். 2016-க்குப் பிறகு கைப்பேசி இணையக் கட்டணம் சரிந்தது. பொருளியல் மொழியில் சொன்னால், மேலும் ஒரு பாடலைக் கேட்பதற்கான இறுதிநிலைச் செலவு ஏறக்குறைய சுழியமாகிவிட்டது. பாடல் மலிந்தது, உடனிருந்து கேட்கும் ஆள்தான் அரிதாகிவிட்டார். அன்று வானொலி பாடினால் வீடு முழுவதும் கேட்டது, தறிக்கூடமும் கேட்டது. எந்தப் பாட்டுக்குப் பிள்ளையின் கண் கலங்குகிறது என்பது தாய்க்குத் தெரிந்தது. இன்று இயர்போன் அதை மறைத்துவிடுகிறது.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி ஒருநாள் அந்த இயர்போனின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். டிரேசி சாப்மன் 1988-இல் பாடிய 'ஃபாஸ்ட் கார்' ஒலித்தது. தாய் பிரிந்து சென்றுவிட, குடிகாரத் தந்தையைக் கவனிக்கப் பள்ளிப் படிப்பைக் கைவிடும் பெண்ணின் கதை அது. அவள் கடையில் வேலை செய்து, நல்வாழ்வை நம்பிக் காதலனுடன் வெளியேறுகிறாள். கடைசியில் அவனும் தந்தையைப் போலவே ஆகிறான். விசைத்தறிகள் நிறைந்த எங்கள் ஊருக்கு இக்கதை அந்நியமானதன்று. தந்தையின் குடியால் படிப்பை விட்டுத் தறிக்குப் போன மாணவர்களை நான் அறிவேன். பொருளியலறிஞர் ராக்னர் நர்க்ஸ் கூறிய 'வறுமையின் நச்சு வட்ட'த்தைக் கரும்பலகையில் ஆண்டுதோறும் வரைந்து விளக்கியிருக்கிறேன். அதை ஐந்தே நிமிடத்தில் ஒரு சிறுமிக்கு உணர்த்திவிட்டது அப்பாடல்.

ஆர்.இ.எம். குழுவின் 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' (1992) மற்றொன்று. பதின்பருவத்தினருக்குப் புரிய வேண்டும் என்பதற்காகவே அதன் சொற்கள் மிக எளிமையாக அமைந்தன. துன்பம் உனக்கு மட்டும் வந்ததன்று, பொறுத்திரு என்பதே அதன் சாரம். தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் நம் பிள்ளைகளுக்கு இதைவிடத் தேவையான சொல் எது?

நம் மொழியில் இத்தகைய பாடல்கள் இல்லையா என்று கேட்கலாம். நிறையவே உண்டு. ஆனால், வீட்டில் வாய்திறந்து சொல்ல முடியாத ஒன்றை வேற்றுமொழிப் பாடலின் மறைவில் நின்று உணர்வது பதின்பருவத்தினருக்கு எளிதாக இருக்கிறது. வீட்டார் புரிந்துகொள்ளாத மொழி என்பதே அவர்களுக்கு ஒரு தனியறை.

அந்த அறையில் ஆபத்தும் உண்டு. வன்முறையையும் ஆபாசத்தையும் கொண்டாடும் பாடல்களும் அதே வழியாகத்தான் வருகின்றன. துயரப் பாடல்களை ஒருவர் தொடர்ந்து கேட்டால், செயலி மேலும் துயரப் பாடல்களையே பரிந்துரைக்கும். கேட்பவரின் முகவாட்டம் அதற்குத் தெரியாது. பொறுத்திரு என்று பாடல் சொல்லும். பிள்ளை திருப்பிப் பேசினால் அது பதில் சொல்லாது. பதில் சொல்ல மனிதர் வேண்டும். மனச்சோர்வு ஆழமானது என்று தோன்றினால், மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச எண் 14416-இல் எந்நேரமும் உதவி பெறலாம்.

கைப்பேசியைப் பறிப்பதால் பயனில்லை. ஆங்கில ஆசிரியர்கள் மாதம் ஒரு வகுப்பை மாணவர் விரும்பும் ஒரு பாடலுக்கு ஒதுக்கலாம். பெற்றோருக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை, "இந்தப் பாட்டு என்ன சொல்லுது கண்ணு?" என்று கேட்டால் போதும், பிள்ளைகளே பொருள் சொல்வார்கள். அப்போது பாட்டின் பொருளோடு மனத்தில் உள்ளதும் சேர்ந்து வெளிவரும். காட்பாடி வரை சென்ற பிறகு கேட்பதைவிட, வீட்டுத் திண்ணையில் இன்றே கேட்பது நல்லது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).