பையனைத் தனியாக நூலகத்துக்கு அனுப்பலாமா?

திருச்சி தென்னூரில் சொந்த வீடு வைத்திருப்பவர் சொத்துவரி கட்டும்போதே நூலகத்துக்கும் சேர்த்துக் கட்டிவிடுகிறார். வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் தொடங்கிவைத்த ஏற்பாடு இது. அதற்குப் பின்னால் இருந்தவர் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். ஆக, அந்த வீட்டுப் பன்னிரண்டு வயதுப் பையனும் நூலகத்தில் விருந்தாளி அல்ல. ஆனாலும் தனியாக வரும் பிள்ளையைப் பார்த்ததும் பெரியவர்கள் கேட்பது, “தம்பி, கூட யாரு வந்திருக்கா?”

கேட்பதில் தப்பில்லை. உள்ளே உட்கார்ந்து படிக்க உறுப்பினராக வேண்டியதில்லை. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகத்தான் அட்டை, காப்புத்தொகை, சிறுவர் என்றால் பெற்றோர் கையெழுத்து. கையெழுத்துப் போட்ட அம்மா வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் பிள்ளைக்கு யார் பொறுப்பு என்பதுதான் சிக்கல்.

அமெரிக்காவில் இந்தச் சிக்கல் வேறு பக்கம் திரும்பியது. ஐடஹோ மாநிலத்தில் 2024 ஜூலை 1 முதல் ஒரு சட்டம்: சிறார்க்குத் தீங்கானது என்று புகார் வந்த நூலை 60 நாளில் பெரியவர் பகுதிக்கு மாற்றாவிட்டால், பெற்றோர் 250 டாலர் இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம். டானெல்லி என்ற சிற்றூரின் நூலகம் ஏறக்குறைய ஆயிரம் சதுர அடிதான். பெரியவர்க்கென்று தனி அறைக்கு எங்கே போவது? கட்டடம் முழுவதையும் பெரியவர் நூலகம் ஆக்கிவிட்டார்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் பெற்றோரோடு வரவேண்டும், அல்லது அவர்கள் எழுதிக்கொடுத்திருக்க வேண்டும் என்றார்கள்.

நம்மூரில் புத்தகத்தைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. பயமெல்லாம் போகிற வழியைப் பற்றியும் பக்கத்தில் உட்காருகிறவரைப் பற்றியும்தான். தென்னூரிலிருந்து மேலரண் சாலை மாவட்ட மைய நூலகம் தூரமில்லை. ஆனால் நடுவே ரயில் பாதை, பேருந்து நெரிசல். எழுதிவைத்த தடையும் ஒருமுறை வந்தது: கொரோனா ஊரடங்குக்குப் பின் 2020 செப்டம்பரில் தமிழக நூலகங்கள் திறந்தபோது சிறுவர்களுக்கும் 65 வயதைக் கடந்தவர்களுக்கும் அனுமதி இல்லை. அது நோய்க்காக, தற்காலிகமாக.

எழுதாத தடைகள்தான் அதிகம். கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை; பகுதி நேர நூலகமென்றால் சில மணி நேரமே திறப்பு. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் சொந்தப் புத்தகமும் தண்ணீர் பாட்டிலுமாகக் காலையிலேயே மேசையைப் பிடித்திருப்பார்கள். படக்கதையைப் பார்த்து ஒரு பொடியன் சிரித்தால் நாலு தலை திரும்பும். கிளை நூலகத்தில் புத்தகம் கொடுப்பவர், வாங்குபவர், கதவைப் பூட்டுபவர் எல்லாம் பெரும்பாலும் ஒருவரே. அவரையே குழந்தைகளுக்குக் காவலாகவும் இருக்கச் சொல்வது அநியாயம்.

கர்நாடகம் ஐடஹோவுக்கு எதிர்த்திசையில் போனது. 2020 முதல் கிராம ஊராட்சி நூலகங்களில் 6 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு இலவச உறுப்பினர் அட்டை, லட்சக்கணக்கில் சேர்ந்தார்கள். கதவைச் சாத்துவதைவிட அதுவே சரி என்பேன், கூடவே ஒரு ஆளையும் போட்டால்.

திருச்சி டி.வி.எஸ். டோல்கேட்டில் காமராஜர் பெயரில் அமையும் பெரிய நூலகத்துக்கு விதிகளை முன்கூட்டியே எழுதலாம். எத்தனை வயதிலிருந்து தனியாக வரலாம், சிறுவர் பகுதியில் பெரியவர் யார் உட்காரலாம், குழந்தைகள் உதவி எண் 1098 எந்தச் சுவரில் இருக்கும், பூட்டும் நேரத்தில் அழைத்துப்போக ஆள் வராத பிள்ளையோடு எந்த ஊழியர் நிற்பார், அந்த நேரத்துக்கு அவருக்குச் சம்பளம் உண்டா.