காரைக் கடலின் அம்மோனைட்

இருபது கோடி ஆண்டுகள் கழித்துக் கணவாயின் வழித்தோன்றல் ஒன்று யானை அளவுக்கு வளர்ந்து காட்டில் நடமாடும் என்று, 2002-இல் வந்த 'தி ஃபியூச்சர் இஸ் வைல்ட்' தொலைக்காட்சித் தொடர் கற்பனை செய்தது. பரிணாமத்தின் விதிகளை மீறாமல் இல்லாத உயிரைப் படைக்கும் இந்தக் கலை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் கணவாய்க்கு உண்மையிலேயே வாழ்ந்த ஓர் உறவினர் உண்டு. விநோதத்தில் அது இந்தக் கற்பனைக்குச் சற்றும் இளைத்ததல்ல. அரியலூர் மாவட்டத்து ஆண்டிமடத்துக்காரர்கள் அதன் தடயத்தைக் காண, அரியலூர் நகரைத் தாண்டிப் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை வரை போனால் போதும்.

அதன் பெயர் அம்மோனைட். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தில், காரைப் பக்கம் அது வாழ்ந்த கடலாக இருந்தது. முந்திரித் தோப்புகளுக்குப் பெயர்போன ஆண்டிமடத்துக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. காவிரிப் படுகையின் அடியாழத்தில் கிடக்கும் கிரெட்டேசியஸ் படிவு ஒன்றுக்கு நிலவியலாளர்கள் ஆண்டிமடத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

பூஜையறைச் சாளக்கிராமத்தில் தெரியும் சுருள் அம்மோனைட்டின் ஓடுதான். சாளக்கிராமம் இமயத்துக் கண்டகி ஆற்றில் கிடைப்பது. ஓட்டுக்குள் வரிசையாக அறைகள். உயிர் குடியிருந்தது கடைசி அறையில் மட்டும். வளர வளர முன்னே நகர்ந்து, பின்னால் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பிக்கொள்ளும். எல்லா அறைகளையும் துளைத்துச் செல்லும் மெல்லிய குழாய் நீரை உறிஞ்சி வெளியேற்ற, வாயு நிறையும். கனமான ஓட்டோடு அது மிதந்தது இப்படித்தான். தடுப்புச் சுவரின் விளிம்போ இலை நரம்பாய் நெளிந்து நெளிந்து போகும். அந்த நெளிவை வைத்தே இனத்தைக் கண்டுபிடிக்கலாம்.

எல்லாமே வட்டச் சுருளல்ல. பாக்குலைட்டஸ் நேராக நீண்டது. டர்ரிலைட்டஸ் நத்தைபோல் முறுக்கி மேலேறியது. ஹாமைட்டஸ் கொக்கியாய் வளைந்தது. இவை எப்படி நீந்தின என்று இன்றும் விவாதிக்கிறார்கள். 1860-களிலேயே தொல்லுயிரியலாளர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா காரைப் பகுதியின் அம்மோனைட்டுகளை ஒரு நூலில் படங்களோடு விரிவாக விவரித்தார். உலகத்து ஆய்வாளர்கள் இன்றும் அந்த நூலைப் புரட்டுகிறார்கள்.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த பேரழிவில், டைனோசர்களோடு அம்மோனைட்டுகளும் பூண்டோடு அழிந்தன.

காரைப் பக்கம் மழைக்குப் பின் ஓடைக்கரையில் வரிவரியாய்ச் சுருண்ட கல் கண்ணில் பட்டால் உடைக்காதீர்கள், விற்காதீர்கள். கிடைத்த இடத்தைப் படமெடுத்து, அரியலூர் அருகே வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்குத் தெரிவியுங்கள். எந்த இடத்தில், எந்தப் படிவில் கிடந்தது என்ற விவரம் போய்விட்டால் அந்தக் கல்லால் ஆய்வுக்குப் பெரிய பயன் இல்லை.