மஹோம்ஸின் ஆட்டத் திறன் சரிந்துவிட்டதா?

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைப் போட்டித் தொடரான என்.எஃப்.எல்.-இல், கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸின் ஆட்டம் முன்புபோல் இருக்கிறதா, சரியத் தொடங்கிவிட்டதா என்ற விவாதம் 2023-ஆம் ஆண்டில் வலுப்பெற்று இன்னும் ஓயாமல் நடந்துவருகிறது. சரிவு என்று வாதிடும் ரசிகர்கள் அவருடைய பருவவாரிக் கணக்குகளை எடுத்துக்காட்டுகிறார்கள். மறுப்பவர்கள் தொடரின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் அவர் வென்ற மூன்று பட்டங்களைச் சுட்டுகிறார்கள். இரு தரப்பும் முன்வைக்கும் சான்றுகள் உண்மையானவையே. ஆயினும், ஒரு தனி ஆட்டக்காரரின் திறன் குறைந்ததா என்பதைத் தீர்மானிக்க அந்தச் சான்றுகள் போதுமானவையா என்பது முதலில் ஆராயப்பட வேண்டும்.

இவ்விளையாட்டில் ஒவ்வோர் அணிக்கும் களத்தில் 11 பேர் இருப்பார்கள். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் தரப்படுகின்றன. அவற்றுக்குள் 10 கெஜம் முன்னேறினால் மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும், இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். அநேகமாக எல்லா முயற்சியிலும் பந்தை முதலில் கையில் வாங்கி, எதிரணி எப்படி நிற்கிறது என்பதைக் கண நேரத்தில் கணித்து, அதை யாரிடம் கொடுப்பது, யாருக்கு வீசுவது என்று முடிவெடுப்பவரே குவாட்டர்பேக். அவர் வீசும் பந்தை ஓடிச்சென்று பிடிப்பவர்கள் ரிசீவர்கள். அவரை வீழ்த்தப் பாய்ந்துவரும் எதிரணியினரை ஐந்து பேர் கொண்ட ஒரு தடுப்பு வரிசை மறித்து நிற்கிறது. அவ்வரிசைக்குப் பின்னால் அவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பான இடத்தைப் ‘பாக்கெட்’ என்பார்கள். வீசுவதற்கு முன்பே அவர் வீழ்த்தப்பட்டால் அது ‘சாக்’. வீசிய பந்தை எதிரணியினர் பிடித்துக்கொண்டால் அது ‘இன்டர்செப்ஷன்’. எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்து கொண்டுசெல்லப்பட்டால் ஆறு புள்ளி தரும் ‘டச் டவுன்’. பந்து அவர் கையை விட்டுப் போகும்வரை ஐவரையும், போன பிறகு அதைப் பிடிப்பவரையும் நம்பியிருக்க வேண்டிய இந்த இடத்தின் இயல்பை மனத்தில் கொள்ளாமல் கணக்குகளைப் படிப்பதே விவாதத்தின் பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம்.

சரிவு என்று சொல்பவர்களின் கணக்கு எளிதில் ஒதுக்கிவிடக்கூடியதன்று. முதன்மைக் குவாட்டர்பேக்காக மஹோம்ஸ் ஆடிய முதல் பருவமான 2018-இல் அவர் 5,097 கெஜம் வீசி, 50 டச் டவுன் எடுத்து, தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். 2022-இல் 5,250 கெஜம், 41 டச் டவுன் என்ற கணக்குடன் அவ்விருது மீண்டும் அவருக்கே வந்தது. அதற்கு அடுத்த பருவத்தில் டச் டவுன் எண்ணிக்கை 27-ஆகவும், 2024-இல் 26-ஆகவும் இறங்கியது. ஒரு வீச்சுக்குச் சராசரியாக எத்தனை கெஜம் கிடைத்தது என்று பார்த்தால், 2018-இல் 8.8 கெஜமாக இருந்தது 2022-இல் 8.1 ஆகி, 2023-இல் 7.0 என்றும் 2024-இல் 6.8 என்றும் தேய்ந்தது. ஒரு பருவத்தின் தற்செயல் என்று இதைத் தள்ளிவிட முடியாது; திசை தெளிவாகவே கீழ்நோக்கி இருக்கிறது.

ரசிகர்கள் அதிகமாகக் கையாளும் அளவுகோல் ‘பாஸர் ரேட்டிங்’ எனப்படும் வீச்சு மதிப்பெண். என்.எஃப்.எல். 1973-இல் ஏற்றுக்கொண்ட இந்த முறை, வீச்சுகளில் எத்தனை விழுக்காடு பிடிக்கப்பட்டன, ஒரு வீச்சுக்கு எத்தனை கெஜம் கிடைத்தது, எத்தனை விழுக்காடு டச் டவுன் ஆயின, எத்தனை விழுக்காடு எதிரணியிடம் போயின என்ற நான்கு கூறுகளைச் சேர்த்து, 158.3 என்ற உச்ச வரம்புக்குள் ஓர் எண்ணைத் தருகிறது. மஹோம்ஸுக்கு அது 2018-இல் 113.8-ஆக இருந்து 2024-இல் 93.5-ஆகக் குறைந்தது. இந்த எண்ணுக்குத் தெரியாதவை பல. துல்லியமாக வந்த பந்தை ரிசீவர் கைநழுவவிட்டதும், குவாட்டர்பேக் தவறான திசையில் வீசியதும் அதற்கு ஒன்றே. 2023 பருவத்தின் முதல் ஆட்டத்தில், டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்கு எதிராகச் சீஃப்ஸ் ரிசீவர் கடாரியஸ் டோனியின் கைகளில் பட்டுத் தெறித்த பந்தை எதிரணி வீரர் பிடித்து அப்படியே ஓடி டச் டவுன் எடுத்தார். சீஃப்ஸ் 21–20 என்று தோற்ற அந்த ஆட்டத்தின் இன்டர்செப்ஷன் மஹோம்ஸின் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. இதைவிடவும் தெளிவான சான்று 2025 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸிடம் 40–22 என்று தோற்ற சூப்பர் பவுல். அன்று ஆறு முறை வீழ்த்தப்பட்டு, இருமுறை பந்தை எதிரணியிடம் வீசி, 34–0 என்று பின்தங்கிய பிறகே தம் மூன்று டச் டவுன்களையும் எடுத்த மஹோம்ஸின் வீச்சு மதிப்பெண் 95.4, அதாவது, அவருடைய வாழ்வின் மிக மோசமான ஆட்டங்களுள் ஒன்று, அந்தப் பருவத்தில் அவர் பெற்ற சராசரியைவிட மேலானது என்று அந்த அளவுகோல் கூறுகிறது. இப்படிப்பட்ட ஓர் எண்ணை வைத்து ஒருவரின் திறனுக்குத் தீர்ப்பு எழுதுவது நியாயமாகாது.

எண்கள் ஏன் இறங்கின என்பதற்கான விடையின் பெரும்பகுதி அவரைச் சுற்றி நிகழ்ந்த மாற்றங்களில் இருக்கிறது. தொடரிலேயே மிக வேகமான ரிசீவர்களுள் ஒருவரான டைரிக் ஹில் 2022 மார்ச்சில் மயாமி டால்ஃபின்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். எதிரணிகளோ, ‘சேஃப்டி’ எனப்படும் கடைசிக் காவலர்கள் இருவரையும் வெகு ஆழத்தில் நிறுத்தி, நீண்ட வீச்சுக்கான வழியை அடைத்துவிட்டுக் குறுகிய வீச்சுகளை அனுமதிக்கும் உத்தியை அவருக்கு எதிராக 2021-ஆம் ஆண்டு முதலே பெருமளவில் கையாளத் தொடங்கியிருந்தன. அந்த இருவரையும் பிரித்து ஓடும் வேகம் ஹிலிடம் இருந்தது. அவர் போன பிறகு, குறுகிய வீச்சுகளை அடுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறுவதே அணியின் ஆட்டமுறையாயிற்று. அத்தகைய ஆட்டத்தின் அச்சாணியாக இருந்த டிராவிஸ் கெல்சி 1989-இல் பிறந்தவர்; அவர் பிடித்த கெஜக் கணக்கு 2022-இல் 1,338-ஆக இருந்து, அடுத்த பருவத்தில் 984-ஆகவும் அதற்கடுத்து 823-ஆகவும் இறங்கியது. 2023-இல் நம்பிக்கையூட்டிய இளம் ரிசீவர் ராஷி ரைஸ் அடுத்த பருவத்தின் நான்காவது ஆட்டத்திலேயே காயமுற்று வெளியேறினார். வீச்சின் நீளம் குறைந்ததற்கும் டச் டவுன் எண்ணிக்கை இறங்கியதற்கும் கை தளர்ந்தது காரணம் என்று சொல்வதற்கு முன், இவ்வளவையும் கழித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தடுப்பு வரிசையின் நிலையும் இதிலிருந்து வேறுபட்டதன்று. 2024-இல் குவாட்டர்பேக்கின் பார்வைக்கு மறைவான பக்கத்தைக் காக்கும் இடது ஓரத் தடுப்பாளர் இடத்தில் ஒருவர் மாற்றி ஒருவராகச் சோதிக்கப்பட்டு, கடைசியில் உள்வரிசையில் ஆடும் ஜோ தூனியே அங்கு நகர்த்தப்பட்டார். மேலே சொன்ன சூப்பர் பவுலில் ஈகிள்ஸ் அணி வழக்கமான எண்ணிக்கைக்கு மேல் ஆட்களைப் பாயவிடாமலேயே பாக்கெட்டைக் குலைத்தது; நான்கு பேர் பாய்ந்தே அது முடிந்தபோது மற்ற ஏழு பேரும் ரிசீவர்களைக் காக்க மீந்திருந்தார்கள். 2021 பிப்ரவரியில் டாம்பா பே பக்கனியர்ஸிடம் 31–9 என்று தோற்ற சூப்பர் பவுலிலும், வரிசையின் இரு ஓரத் தடுப்பாளர்களும் காயத்தால் இல்லாத நிலையில், அவர் ஒரு டச் டவுனும் எடுக்க முடியாமல் இருமுறை பந்தை இழந்தார். அப்போது அவருக்கு வயது 25. திறன் சரிந்துவிட்டது என்று அன்று யாரும் சொல்லவில்லை.

இன்னொரு சிக்கல் ஆட்டங்களின் எண்ணிக்கை. கிரிக்கெட்டில் ஒரு மட்டையாளரின் ஃபார்மை ஆண்டு முழுவதும் பல வடிவப் போட்டிகளில் பார்த்து மதிப்பிடலாம், என்.எஃப்.எல்.-இலோ வழக்கமான பருவம் முழுமைக்கும் 17 ஆட்டங்களே உண்டு. 2024-இன் முதல் ஆறு ஆட்டங்களில் மஹோம்ஸ் எடுத்த டச் டவுன் 6, பறிகொடுத்த இன்டர்செப்ஷன் 8. அந்த வாரங்களில் சரிவு வாதம் உச்சத்தில் இருந்தது. அதற்குப் பின் ஆடிய பத்து ஆட்டங்களில் அவர் கணக்கு 20 டச் டவுன், 3 இன்டர்செப்ஷன். ஐந்தாறு ஆட்டங்களை வைத்து முடிவு கட்டுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேவையில்லை.

வெற்றிகளைச் சான்றாகக் காட்டும் மறுதரப்பின் வாதத்துக்கும் இதே குறை உண்டு. 2024-இல் அவர் களமிறங்கிய 16 ஆட்டங்களில் அணி 15-இல் வென்றது. ஆனால் அவற்றில் பல நூலிழையில் தப்பியவை. டென்வர் பிராங்கோஸுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நொடியில் எதிரணி புள்ளிக்காக உதைத்த பந்து தடுக்கப்பட்டதால்தான் 16–14 என்ற வெற்றி கிடைத்தது. 2025-இல் இதே வகை ஆட்டங்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்தன: ஜாக்சன்வில் ஜாகுவார்ஸிடம் 31–28, டென்வரிடம் 22–19, டல்லாஸ் கௌபாய்ஸிடம் 31–28 என்று தோற்றுத் தோற்று, சீஃப்ஸ் அணி 2014-க்குப் பிறகு முதன்முறையாக இறுதிச்சுற்றுகளுக்குத் தகுதி பெறாமல் போயிற்று. ஓராண்டில் அவர் மேதையாகவும் மறு ஆண்டில் முடிந்துபோனவராகவும் தெரிவதற்கு இந்தச் சில புள்ளிகளின் இடைவெளியே பெரும்பாலும் காரணம்.

முன்னோடிக் குவாட்டர்பேக்குகளின் வரலாறு இங்கு மிகுந்த வெளிச்சம் தருகிறது. டாம் பிரேடி 2019-இல், தம் 42-ஆம் வயதில், நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸுக்காக 24 டச் டவுன் மட்டுமே எடுத்தார்; அவருக்கு மிக நெருக்கமான இலக்காக இருந்த ராப் கிரான்கௌஸ்கி ஓய்வு பெற்றிருந்தார், எஞ்சியிருந்த ரிசீவர்களில் எதிரணியை அச்சுறுத்தக்கூடியவர்கள் மிகக் குறைவு. வயது அவரை வென்றுவிட்டது என்பது அப்போது பரவலான கருத்து. அடுத்த ஆண்டு மைக் எவன்ஸ், கிறிஸ் காட்வின் ஆகியோர் ஆடிய டாம்பா பே அணிக்கு அவர் மாறினார். ஓய்விலிருந்து திரும்பிய கிரான்கௌஸ்கியும் அங்கே சேர்ந்துகொண்டார். அந்தப் பருவத்தில் பிரேடி எடுத்தவை 40 டச் டவுன். மஹோம்ஸைத் தோற்கடித்த அந்த 31–9 ஆட்டத்தில் எதிர்ப்பக்கத்தில் நின்றவரும் அவரே. அதே கை, ஒரு வயது கூடியிருந்தது. மாறியவை சூழலும் துணையும்.

பெய்டன் மேனிங்கின் கதை இதற்கு நேர்மாறானது. கழுத்து அறுவைச் சிகிச்சைகளால் 2011 பருவம் முழுவதையும் இழந்து, இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியால் விடுவிக்கப்பட்டு டென்வருக்கு வந்தவர், 2013-இல் 5,477 கெஜமும் 55 டச் டவுனும் எடுத்து இரண்டிலும் பருவச் சாதனை படைத்தார். 2014-இல் அவர் எடுத்த 39 டச் டவுன்களைப் பார்த்து யாரும் கவலைப்பட வேண்டியதில்லை என்றே தோன்றும். ஆனால் அப்பருவத்தின் பிற்பகுதியிலேயே அவருடைய நீண்ட வீச்சுகள் விசை இழந்து மிதந்து செல்வதைக் கூர்ந்து பார்த்தவர்கள் கவனித்தார்கள். 2015-இல் உண்மை வெளிப்பட்டது: அந்தப் பருவம் முழுவதும் 9 டச் டவுன், 17 இன்டர்செப்ஷன். நவம்பர் 15 அன்று, வாழ்நாள் வீச்சுக் கெஜங்களில் பிரெட் ஃபார்வின் சாதனையை முறியடித்த அதே ஆட்டத்தில், 20 வீச்சுகளில் ஐந்து மட்டுமே பிடிக்கப்பட, நான்கு இன்டர்செப்ஷன்களுடன் வீச்சு மதிப்பெண் பூச்சியமாகி அவர் களத்திலிருந்து வெளியே எடுக்கப்பட்டார். மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், வான் மில்லர் போன்ற தடுப்பாட்டக்காரர்களின் வலிமையால் டென்வர் 24–10 என்று சூப்பர் பவுலை வென்றது. கோப்பையை ஏந்திய மேனிங் அன்று ஒரு டச் டவுன்கூட வீசவில்லை. சரிவு முழுமையாக நிகழ்ந்திருந்தும் பட்டம் வந்துசேர்ந்தது என்பதால், பட்டத்தைச் சரிவின்மைக்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

இவ்விரு வரலாறுகளிலிருந்து தெரிவது, உண்மையான சரிவு முதலில் தெரியுமிடம் வீச்சே என்பதாகும். களத்தின் மறு ஓரத்துக்கு வீசும் பந்து தாழ்வாகவும் விரைவாகவும் போய்ச்சேருகிறதா, இறுக்கமான இடைவெளிகளில் அதை நுழைக்க முடிகிறதா, பின்னங்காலை ஊன்றி எழும் விசை குறைந்திருக்கிறதா, திறந்து நிற்கும் ரிசீவரைக் காண்பதில் தாமதம் நேருகிறதா என்பவையே பார்க்க வேண்டியவை. இந்த அளவில், 2023-இலும் 2024-இலும் மஹோம்ஸின் கையில் மேனிங்கிடம் தெரிந்த தளர்ச்சி இல்லை. 2023 பருவத்தின் இறுதிச்சுற்றுகளின் நான்கு ஆட்டங்களில் 6 டச் டவுன், ஒரே ஒரு இன்டர்செப்ஷன் என்ற கணக்குடன் பட்டம் வென்றதும், அவற்றில் நெருக்கடி மிகுந்த கட்டங்களில் அவர் எடுத்த முடிவுகளின் தெளிவும் இதற்கு ஆதாரம்.

எனினும் குறை முழுவதையும் பிறர்மேல் சுமத்துவது அவருக்குச் செய்யும் நன்மை ஆகாது. பலமுறை அடிபட்ட வரிசைக்குப் பின்னால் ஆடிப் பழகியதாலோ என்னவோ, பாக்கெட் உறுதியாக இருக்கும் வேளைகளிலும் அவர் பின்னோக்கி விலகுவதும் முன்கூட்டியே வெளியேறுவதும் மிகுந்திருக்கின்றன. 2024-இல் இளம் ரிசீவர் சேவியர் வொர்த்தி எதிரணியைத் தாண்டி ஓடிய தருணங்களில் பந்து அவருக்கு எட்டாமல் போனதற்கு வரிசையையோ ரிசீவரையோ குறைகூற முடியாது. நீண்ட வீச்சில் அவருக்கு இருந்த துல்லியம் மங்கியிருக்கிறது என்ற அளவில் விமர்சகர்களின் கூற்றை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

2025 டிசம்பர் 14 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் சார்ஜர்ஸிடம் 16–13 என்று தோற்ற ஆட்டத்தில் மஹோம்ஸின் இடது முழங்காலின் முன்புறக் குறுக்குத் தசைநார் கிழிந்ததால், இந்த விவாதத்தின் அடிப்படையே மாறியிருக்கிறது. ஓடிக்கொண்டே, உடலைத் திருப்பியபடியே வீசுவதைத் தம் தனித்தன்மையாக்கிக்கொண்ட ஒருவருக்கு, முதன்முறையாக உடலே ஒரு கேள்வியாகி நிற்கிறது. இதுவரையிலான பருவங்களைப் பொறுத்தமட்டில், சரிந்தது பெரும்பாலும் அவரைச் சுற்றியிருந்த அணி. அவருடைய பங்கு, திருத்திக்கொள்ளக்கூடிய கால்பழக்கமும் நீண்ட வீச்சின் துல்லியக் குறைவும் மட்டுமே. இனி அவர் திரும்பி வரும்போது, மதிப்பெண் பட்டியலைப் புரட்டுவதற்கு முன் அந்த இடது காலை ஊன்றி அவர் வீசும் முதல் சில நீண்ட வீச்சுகளை ரசிகர்கள் கூர்ந்து பார்க்கட்டும்.